சத்தம் இருந்தால் பிள்ளைக்குப் பேச்சு புரியவில்லையா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

பள்ளி பள்ளியாகப் போய்ச் சிறப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. காது மெஷின் போட்டவர்கள், காக்ளியர் ஆபரேஷன் (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) முடிந்தவர்கள், பேச்சு தாமதமாக வந்தவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். பிரச்சினை ஆளுக்கு ஆள் வேறு. பெரியவர்கள் சொல்லும் புகார் மட்டும் ஒன்றுதான்: "தனியா உட்கார வெச்சு சொன்னா புரியுது மேடம், கிளாஸ்ல ஒண்ணும் ஏற மாட்டேங்குது." கூடவே, "வேணும்னே பண்றான்" என்பதும் வரும். அந்த முடிவுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் காசே ஆகாது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். தயவுசெய்து வரிசையைத் தாண்டாதீர்கள். செல் தீர்ந்த மெஷினோடு பிள்ளையைப் பெரிய டெஸ்ட்டுக்கு அழைத்துப் போய் அலைந்து திரும்பும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன்.

## எதையும் சோதிக்காமல் உடனே கிளம்ப வேண்டியவை

மெஷினின் பட்டன் செல்லைப் பிள்ளை விழுங்கிவிட்டாலோ, மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். காதிலும் மூக்கிலும் எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம்.

நேற்று வரை கேட்ட காது இன்று கேட்கவில்லை, மெஷினிலும் கோளாறு இல்லை என்றால் அன்றைக்கே இ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். நாள் தள்ளினால் கேட்கும் திறன் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும். தலையில் அடிபட்ட பிறகு கேட்பது குறைந்தாலும் இதேதான்.

காக்ளியர் பொருத்திய பிள்ளைக்குக் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கடும் தலைவலி, வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் வரும் ஆபத்து இவர்களுக்கு மற்ற பிள்ளைகளைவிட அதிகம். வெறும் காது வலியோ சீழோ என்றாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே பேசிய சொற்களைப் பிள்ளை இழந்துகொண்டே வந்தால், எந்த வயதானாலும், அந்த வாரத்துக்குள் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யும் சோதனை

இரண்டு சிறு சோதனைகள். இவற்றின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே படித்தால்தான் எந்தக் கிளையில் போக வேண்டும் என்று தெரியும்.

முதலாவது ஆறு ஒலிச் சோதனை. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்துக் கொடுத்தது இது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகள்தாம். பிள்ளையின் பக்கவாட்டில், உதடு தெரியாதபடி சற்றுப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையானால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போடட்டும். வரிசையை மாற்றுங்கள், இடைவெளியையும் மாற்றுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை கேட்காமலேயே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றடி தூரத்தில் முடித்த பிறகு ஆறடி, பத்தடி என்று தள்ளிப் போங்கள். ஸ், ஷ் இரண்டும் விடுபட்டால் கூர்மையான ஒலிகள் எட்டவில்லை. ஈ என்று சொன்னால் ஊ என்று திருப்பிச் சொன்னாலும் அதே பொருள்தான். ம், ஊ விடுபட்டால் கனத்த ஒலிகள் எட்டவில்லை. ஒரு காதுக்கு ஒரு முறை, தனித்தனியாகச் செய்யுங்கள்.

இரண்டாவது சொல் சோதனை. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த பத்துச் சொற்கள் போதும், ஆனால் ஒன்றுபோல ஒலிப்பவையாக எடுங்கள்: சட்டை, கட்டை, மட்டை; கல், பல்; பட்டம், கட்டம். பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தை வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். நான்கு நிலைகளில் சொல்லிப் பாருங்கள். (அ) மூன்றடியில், அமைதியில், முகம் தெரிய. (ஆ) மூன்றடியில், ஃபேனும் டிவியும் ஓட, முகம் தெரிய. (இ) அதே சத்தத்தில் பத்தடி தள்ளி, முகம் தெரிய. (ஈ) அதே பத்தடியில், முகம் தெரியாமல்.

(அ)விலேயே பாதி தவறினால் சிக்கல் சத்தத்தில் இல்லை. மெஷின் போட்ட பிள்ளை என்றால் இரண்டாம் அறிகுறிக்கும், இல்லையென்றால் மூன்றாம் அறிகுறிக்கும் போங்கள். (ஆ)வில் நன்றாகச் செய்து (இ)யில் சரிந்தால் தூரம்தான் எதிரி. முதல் அறிகுறியைப் படியுங்கள். (இ)யில் தாக்குப்பிடித்து (ஈ)யில் விழுந்தால் பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் சமாளித்து வந்திருக்கிறது. அதற்கும் முதல் அறிகுறிதான். அமைதியில் பத்துக்குப் பத்து சொன்ன பிள்ளை (ஆ)விலேயே தடுமாறினால் ஐந்தாம் அறிகுறியைக் கட்டாயம் படியுங்கள்.

## அறிகுறி 1: வீட்டில் புரிகிறது, வகுப்பில் புரியவில்லை

அதிகம் வருவது இதுதான். நான் வகுப்புக்குள் போனதும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. முதலில் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்று பார்ப்பேன்.

தூரம். திறந்த வெளிக் கணக்கில், தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். மூன்றடியில் கேட்ட குரல் பன்னிரண்டு அடிக்குப் போவதற்குள் 12 டெசிபலை இழந்துவிடும். ஆனால் தலைக்கு மேல் ஓடும் ஃபேனின் சத்தம் குறைவதில்லை. கேட்புக் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். நம் வகுப்புகளில் பின்பெஞ்சில் இது கிடைக்கவே கிடைக்காது. அதனால் முதல் வேலை இடத்தை மாற்றுவது. என் அனுபவத்தில் முதல் பெஞ்சைவிட இரண்டாவது பெஞ்சின் ஓரம் நல்லது. அங்கிருந்து பிள்ளை லேசாகத் திரும்பினால் பதில் சொல்லும் மற்ற பிள்ளைகளின் முகமும் தெரியும். ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளையானால் கேட்கும் காது வகுப்பின் பக்கம், கேட்காத காது சுவர்ப் பக்கம்.

முகம் தெரிகிறதா? ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆசிரியர் நின்றால் முகம் இருட்டாகத் தெரியும், உதடு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் குரல் பலகைக்குத்தான் போகும். "எழுதி முடிச்சிட்டு, திரும்பி, அப்புறம் பேசுங்க டீச்சர்" என்று ஒரு வாரம் நினைவுபடுத்தினால் போதும், பழகிவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. நான் பார்த்தவரை இதைப்போலப் பலன் கொடுத்தது வேறொன்றுமில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது? வகுப்பைக் காலி செய்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். ஃபேன் கடகடக்கிறதா? பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்களா? சத்துணவுக் கூடப் பாத்திரமா, சாலையின் ஹாரனா? 2002ல் அமெரிக்காவில் வந்த வகுப்பறை ஒலித் தரம் காலி அறையில் 35 டெசிபலுக்கு மேல் கூடாது என்கிறது. ஒரே கூடத்தில் இரண்டு வகுப்பு நடக்கும் நம் பள்ளிகளில் அதை எதிர்பார்க்க முடியாது, ஆனால் சத்தத்தைக் குறைக்க முடியும். கடகடக்கும் ஃபேனுக்கு எண்ணெய் விட்டு நட்டை முடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் தலைக்கு நேர் மேலே ஓடும் ஃபேனை மட்டும் வேகம் குறைக்கலாம். பெஞ்சுக் கால்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினால் இழுக்கும்போது வரும் கிரீச் சத்தம் நின்றுவிடும். சாலைப் பக்கத்துக் கதவைப் பாடம் நடக்கும்போது மட்டுமாவது சாத்தி வையுங்கள்.

தகரக் கூரையில் மழை பெய்தால் எந்த மெஷினும் உதவாது. அந்த நேரம் வாய்ப் பாடத்தை நிறுத்திவிட்டுப் பலகையில் எழுதிப் போடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் அப்போது ஒன்றும் கேட்பதில்லை.

எதிரொலி. அறை நடுவில் ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் சத்தம் தொங்கி நின்றால் எதிரொலி அதிகம். ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது என்று அர்த்தம். தெர்மகோல் ஒட்டுகிறார்கள், முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அவை பெரிதாக எதையும் உறிஞ்சாது. கனமான துணிதான் உதவும். பழைய ஜமக்காளத்தை ஆசிரியருக்கு எதிர்ச் சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். தடித்த திரை இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஆகியும் வகுப்பில் புரியவில்லையா? இனிதான் செலவுக்கு வருகிறோம்.

ரிமோட் மைக். ஆசிரியர் கழுத்தில் ஒரு சின்ன மைக், பிள்ளையின் மெஷினில் அதற்கான ரிசீவர். குரல் தூரத்தைத் தாண்டாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். கேட்புக் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சத்தத்தில் இதைவிட நன்றாக உதவும் கருவி கிடையாது. விலை பல பத்தாயிரம் ரூபாய். வாங்குவதற்கு முன் பிள்ளையின் மெஷினோடு சேருமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் செட் செய்பவர்) கேட்டு, ஒரு வாரமாவது கடனாகப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே வாங்கியும் "பிரயோஜனமில்லை" என்று பெட்டியில் போட்டவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். மைக் வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இடுப்பில் தொங்கினால் பலனில்லை. தாலிச் சங்கிலியும் ஐடி கார்டும் மைக்கில் மோதுகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மைக் போட்டாலே மெஷினைக் கழற்றிவிடுவாள். ரிசீவரை என் காதில் வைத்துக் கேட்டேன். டீச்சர் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் ஐடி கார்டின் கிளிப் மைக்கில் பட்டு 'டக், டக்' என்று தலைக்குள் சுத்தியல் அடித்தது. கார்டை இடுப்புப் பக்கம் மாட்டச் சொன்னதும் அவள் கழற்றுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது, ஆசிரியர் வேறு வேலையாகப் பேசும்போது மைக்கை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஸ்டாஃப் ரூம் பேச்சு முழுக்கப் பிள்ளையின் காதில் ஓடும்.

ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் மைக்கை இதற்குப் பதிலாக வாங்காதீர்கள். எதிரொலி உள்ள அறையில் அது எதிரொலியையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

## அறிகுறி 2: போன வாரம் வரை நன்றாக இருந்தது, இப்போது மந்தமாகிவிட்டது

மெஷின் போட்ட பிள்ளையா? அப்படியானால் இந்த வரிசையில் பாருங்கள்.

செல். புதிதாக மாற்றிப் பாருங்கள், "நேத்துதான் போட்டோம்" என்றாலும். ஸ்டிக்கரைப் பிரித்து ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் படும்படி வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. அளவு மாறிவிட்டதா என்றும் பாருங்கள்: 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம்.

மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு). துளையில் அழுக்கு அடைத்திருக்கும். குழாய்க்குள் வியர்வைத் துளி நிற்கும். மோல்டைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஊதி உலர்த்துங்கள். மெஷினை நீரில் நனைக்கக் கூடாது. சென்னையைப் போன்ற கடலோரப் பிசுபிசுப்பில் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் மெஷினை வைப்பது அவசியம்.

தேங்காய் எண்ணெய். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்து அதே கையால் மெஷினை மாட்டுகிறோம். மெஷினில் ஒலியை வாங்கும் மைக் துளை குண்டூசி முனை அளவுதான். எண்ணெயும் பவுடரும் சேர்ந்து அதை மூடிவிடும். அப்போது மெஷின் ஓடும், ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதைப்போலக் கேட்கும். அமைதியில் ஓரளவு தெரியும், சத்தத்தில் அறவே போய்விடும். மெஷினை மாட்டிய பிறகு தலை வாருங்கள், இல்லையென்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாட்டுங்கள். துளை அடைத்திருந்தால் ஊசியால் குத்தாதீர்கள். மைக் கவரை ஆடியாலஜிஸ்ட் மாற்றித் தருவார். காக்ளியர் புராசஸரிலும் (வெளியே மாட்டும் பகுதி) மைக் கவர் உண்டு. அதையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஸ்டெட்டோகிளிப் என்று ஒரு குழாய் கிடைக்கும்; மெஷினின் ஒலியை நம் காதால் கேட்க உதவும். விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கேட்டுப் பழகினால், மெஷினின் குரல் மாறிய நாளிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். காக்ளியரானால், தலையில் காந்தத்தால் ஒட்டும் 'காயில்' (coil) பகுதிக்குப் போகும் ஒயரை மாற்றிப் பாருங்கள். ஒயர் உள்ளே அறுந்திருந்தால் அசைக்கும்போது விட்டுவிட்டுக் கேட்கும்.

இதெல்லாம் சரி, அல்லது மெஷினே போடாத பிள்ளை என்றால் காதைப் பாருங்கள். சளி பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கிறதா? வாயால் மூச்சு விடுகிறதா? டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்கிறதா? செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே பேச்சில் பின்தங்கிய பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் பெரிய நஷ்டம். அதனால் காத்திருக்காமல் இ.என்.டி.யில் காட்டி, 'இம்பீடன்ஸ்' டெஸ்ட் எடுத்துவிடுங்கள். காதில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது. வலிக்காது, சில நிமிடத்தில் முடியும். அழுக்கு அடைத்திருந்தாலும் டாக்டரே எடுப்பார். காய்ச்சிய எண்ணெய், பட்ஸ், ஹேர்பின் எதுவும் வேண்டாம்.

மெஷின் சரி, காதும் சரி என்றால் கேட்கும் அளவே இறங்கியிருக்கலாம். புதிய ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்து மெஷினை மறுபடி செட் செய்ய வேண்டும். காக்ளியர் என்றால் மேப்பிங், அதாவது புராசஸரின் ஒலி அளவுகளை மறுபடி செட் செய்வது.

## அறிகுறி 3: கூப்பிட்டால் திரும்புகிறது, ஆனால் சொன்னதை மாற்றிச் செய்கிறது

இதற்குத்தான் பிள்ளைகள் அதிகம் அடி வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

"நோட்டை மூடாதீங்க" என்கிறார் டீச்சர். பிள்ளை உடனே மூடுகிறது. "சொன்னதுக்கு நேர் மாறா செய்யறான் பாருங்க." நம் பேச்சில் 'வேண்டாம்', 'கூடாது', 'மாட்டேன்', '-ஆதே' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. மூச்சு முடிந்து குரல் இறங்கும் இடமும் அதுதான். 'நோட்டை மூடா…' வரைக்கும் பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. மிச்சத்தை ஃபேன் விழுங்கிவிட்டது. பிள்ளை கேட்டதைக் கீழ்ப்படிந்து செய்திருக்கிறது. 'வந்தால்', 'வந்தான்', 'வந்தாள்' மூன்றும் சத்தத்தில் ஒன்றாகிவிடும். 'போகலாம்' என்பதும் 'போகலாமா' என்பதும் அப்படித்தான்.

முதல் சோதனை: அமைதியான அறையில், பக்கத்தில் உட்கார்ந்து, அதே வாக்கியங்களைச் சொல்லுங்கள். "பென்சிலை எடு." "பென்சிலை எடுக்காதே." "பென்சிலை எடுத்துட்டு அப்புறம் நோட்டைத் திற."

அமைதியில் சரியாகச் செய்கிறதா? அப்படியானால் பிள்ளைக்கு மொழி இருக்கிறது, வாக்கியத்தின் வால்தான் போய்ச் சேரவில்லை. பேசும் விதத்தை மாற்றுங்கள். கடைசிச் சொல்லில் குரலை இறக்காதீர்கள். வேண்டாம் என்பதைத் தலையாலும் கையாலும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமானதை முன்னால் கொண்டு வாருங்கள்: "வேண்டாம். நோட்டை மூட வேண்டாம்." கத்தாதீர்கள், கத்தும்போது உயிரொலிகள்தான் பெரிதாகும், மெய்யொலிகள் இன்னும் கலங்கும், உதட்டின் வடிவமும் கெடும். சற்று மெதுவாக, சொற்றொடருக்குச் சொற்றொடர் ஒரு சின்ன இடைவெளி விட்டுச் சொன்னால் போதும். முதல் முறை புரியவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் புரியவில்லையென்றால் வேறு சொல்லில் சொல்லுங்கள். "கேட்டுச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "நான் என்ன சொன்னேன், சொல்லு கண்ணா" என்று கேளுங்கள்.

பேசப்போவது எதைப் பற்றி என்று முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளை பாதியை ஊகித்துக்கொள்ளும். பாடத்தின் தலைப்பையும் ஐந்தாறு புதிய சொற்களையும் முதல் நாள் மாலையே வீட்டுக்குச் சொல்லியனுப்புங்கள். அம்மாவோ பாட்டியோ அவற்றை இரவு பேசிப் பழக்கிவிட்டால், மறுநாள் வகுப்புச் சத்தத்தில் அந்தச் சொற்கள் தெரிந்த முகங்களாக வரும்.

அமைதியிலும் தடுமாறுகிறதா? காது நார்மல் என்று டெஸ்ட்டில் வந்த பிறகும் அப்படியென்றால் மொழி வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் பள்ளி சேரும் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அதாவது முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். அமைதியிலேயே தடுமாறும் பிள்ளையைச் சத்தம் முழுதாகச் சாய்த்துவிடும். மேலே சொன்ன முறைகள் இவர்களுக்கும் உதவும், ஆனால் அவை மட்டும் போதாது. பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை வேண்டாம். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறதா? அது காதுப் பிரச்சினையாக இல்லாமல் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வீடியோ அவருக்குப் பெரிய உதவி.

## அறிகுறி 4: கூட்டத்தில் காதைப் பொத்துகிறது, மெஷினைக் கழற்றி எறிகிறது

மெஷின் இல்லாத பிள்ளையானால், எந்தச் சத்தம், எந்த இடம், எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். மிக்ஸி, குக்கர் விசில், பிரேயர் மணி என்று பெரும்பாலும் சில சத்தங்களுக்குள் அடங்கிவிடும். வரப்போகிறது என்று முன்னால் சொன்னாலே பாதி பயம் குறையும். "இப்ப அம்மா மிக்ஸி போடப் போறேன், மூணு எண்ணுவோம்" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் காது மூடும் ஹெட்ஃபோன் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சரி. நாள் முழுக்க மாட்டிவைக்காதீர்கள். காது அமைதிக்கே பழகிவிட்டால் சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும், பேச்சும் உள்ளே வராது. மண்டபத்தில் ஸ்பீக்கருக்குத் தள்ளி, முதுகு சுவரில் படும்படி மூலையில் உட்கார வையுங்கள். ஒரு பக்கச் சத்தமாவது குறையும்.

மெஷின் போட்ட பிள்ளை சத்தத்தில் மட்டும் கழற்றினால் அதைப் பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். மெஷினின் உச்ச அளவு அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம். மெதுவான ஒலியே கேட்காத காதுக்கும் பெரிய ஒலி வலிக்கும். ஆடியாலஜிஸ்டிடம் "சத்தத்துல கழட்டறான்" என்று அப்படியே சொல்லுங்கள். உச்ச அளவைக் குறைத்து, முன்னால் பேசுபவரை மட்டும் எடுக்கும் புரோகிராம் ஒன்றும் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். காக்ளியர் பிள்ளை புதிய மேப்பிங்குக்குப் பிறகு இப்படிச் செய்தால் அந்த மேப்பில் ஒலி அளவு அதிகமாகியிருக்கலாம். அடுத்த தேதிக்குக் காத்திராமல் போன் செய்யுங்கள். காந்தம் ஒட்டும் இடத்தில் தோல் சிவந்தோ புண்ணாகவோ இருந்தாலும் அன்றே சொல்ல வேண்டும்.

மெஷின் விசிலடித்தால்? மோல்டு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு, அல்லது பிள்ளை வளர்ந்து மோல்டு சின்னதாகிவிட்டது. கைக்குழந்தைக்குச் சில மாதத்துக்கு ஒரு முறையும், பள்ளிப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஒரு முறையாவதும் புது மோல்டு வேண்டும். விசிலை நிறுத்த ஒலியைக் குறைத்து வைக்காதீர்கள்; வகுப்பில் பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும்.

## அறிகுறி 5: டெஸ்ட் ரிப்போர்ட் பரவாயில்லை, ஆனாலும் சத்தத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை

ரிப்போர்ட்டை எடுத்து இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளை அமைதியில் நன்றாகவே சமாளிக்கும். சத்தத்தில் எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறது என்றே தெரியாது. இடம் மாற்றுவதுதான் முதல் உதவி.

இரண்டு காதும் சுமார் என்றால், பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாக வந்ததா, குறைமாதமா, இன்குபேட்டரில் இருந்ததா என்று யோசியுங்கள். ஒலி காதுக்குள் வந்தும், நரம்பு அதைச் சீராக மூளைக்குக் கொண்டுபோகாத நிலை ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகள் சத்தத்துக்குத் திரும்புவார்கள், பேச்சுதான் கலங்கிக் கேட்கும். ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருக்கும். ஆடியோகிராம் மட்டும் எடுத்தால் இது பிடிபடாது. ஓ.ஏ.இ. (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), பெரா (ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) இரண்டும் எடுக்க வேண்டும். முதலாவது நன்றாக வந்து இரண்டாவது வராமல் போவதுதான் இதன் அடையாளம்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல், வயது ஏழைத் தாண்டிவிட்டது, மொழியும் வயதுக்கேற்ப இருக்கிறது, ஆனாலும் சத்தத்தில் புரியவில்லை என்றால் மூளை ஒலியைப் பிரித்தெடுக்கும் திறனைச் சோதிக்கும் டெஸ்ட்டுகள் இருக்கின்றன. ஏழு வயதுக்கு முன் அவற்றின் முடிவை நம்ப முடியாது. எல்லா ஊரிலும் எடுப்பதில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலோ (NIEPMD), மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்திலோ விசாரியுங்கள். மற்ற டெஸ்ட்டுகளுக்கு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இ.என்.டி. பிரிவிலேயே தொடங்கலாம்.

ஒன்று நினைவிருக்கட்டும்: எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்கும் சத்தத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறன் பதின்ம வயது வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். பெரியவரான உங்களுக்குப் புரிவதை வைத்து ஏழு வயதுப் பிள்ளையை அளக்காதீர்கள்.

## அறிகுறி 6: காலையில் சரி, மதியத்துக்கு மேல் ஒன்றும் ஏறுவதில்லை

மதியம் செல்லைச் சோதியுங்கள். ரீசார்ஜ் பேட்டரி பழசானால் அரை நாள்கூடத் தாங்காது. அது நன்றாக இருந்தால் களைப்புதான் காரணம். சத்தத்தில் ஒவ்வொரு சொல்லையும் முயன்று பிடிக்கும் பிள்ளை நான்கு பீரியடுக்குள் ஓய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அழுகை, கோபம், மெஷினைக் கழற்றி வைப்பது எல்லாம் அதன் தொடர்ச்சி. கடினமான பாடத்தைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மதிய இடைவேளையில் பத்து நிமிடம் அமைதியான இடம் கொடுங்கள். பள்ளி விட்டு வந்ததும் நேராக டியூஷனில் உட்கார வைக்க வேண்டாம்.

## நிபுணரிடம் போகும்போது

மேலே சொன்ன சோதனைகளின் விடையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: ஆறு ஒலிகளில் எது எந்தத் தூரத்தில் விட்டது, நான்கு நிலைகளில் பத்துக்கு எத்தனை, எந்தச் சத்தத்தில் மோசம், கடைசியாகச் சளி பிடித்தது எப்போது, பிறந்தபோது என்ன நடந்தது. பழைய ஆடியோகிராம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். வகுப்பாசிரியரிடம் நான்கு வரி எழுதி வாங்குங்கள்; ஆடியாலஜிஸ்டின் அமைதியான அறையில் தெரியாதது அந்த நான்கு வரியில் இருக்கும். புதுச் செல் போட்டு, பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். பெரா என்றால் மட்டும் பிள்ளை தூங்க வேண்டியிருக்கும். எத்தனை மணிக்கு எழுப்புவது, எப்போது சாப்பாடு கொடுப்பது என்று முதல் நாளே அங்கே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.